சயாமுக்குப் போனவர் செத்ததைப் பார்த்தது யார்?

கேள்வி, ஜூன் 8

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாத் தமிழர்களையும் கொண்டுபோய்ப் போடவைத்த சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதுகிறார்கள், பேரன் பேத்திகள் கீழே கருத்துப் பகுதியில் வந்து அழுகிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம். முகமே பார்க்காத தாத்தாவுக்காக எப்படி ஐயா துக்கம் வரும்? 1943-இல் போனவர்களுக்காக அழ வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கதைதானே? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

நேர்மையாகவே சொல்கிறேன், எனக்குத் துக்கம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் என் பாட்டியின் முதல் வீட்டுக்காரர். என் அம்மா இரண்டாவது கல்யாணத்தில் பிறந்தவர். ஆகவே போனவர் எனக்கு ரத்த உறவுகூட இல்லை. அழ வேண்டிய ஆள் என்று பார்த்தால் பெரிய மாமா ஒருத்தர்தான், அவரும் 2019-இல் காலமாகிவிட்டார்.

ஆனால் 'மிச்சம் கதைதானே' என்றீர்களே, அது இடிக்கிறது. எங்கள் வீட்டில் கதை என்று ஒன்றும் கிடையாது. சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும்போது யாராவது 'சயாம்' என்று வாயெடுத்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிற ஒரு மாமா இருந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கதை.

ஜூன் 9

நேற்று பாதியில் விட்டேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம், பெயர் வேண்டாம். 1943-இல் பாட்டிக்கு இருபது வயது இருக்கும், பெரிய மாமாவுக்கு மூன்று. ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லாமல் போனது. பால்வெட்டு நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளி வீட்டு வரிசையில், கிடந்தார்கள். அந்த நேரத்தில்தான் சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், குடும்பத்தைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி ஆள் கேட்டார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு, இத்தனை தலை வேண்டும் என்று தோட்டத்துக்குக் கணக்கு வந்து கிராணி (தோட்டத்து எழுத்தர்) பட்டியல் போட்டு அனுப்பியதும் உண்டு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதையைப் பல ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆள் எந்த வகை என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. பாட்டி 'பேர் எழுதிட்டாங்க' என்பார். மாமா 'எங்கப்பா எங்களுக்குச் சோறு போடத்தான் போனாரு' என்பார். இரண்டுக்கும் உள்ள தூரம் சின்னதில்லை. முன்னதில் அவர் பறிக்கப்பட்டவர், பின்னதில் அவராகவே விட்டுப் போனவர்.

பாட்டி சாகும்வரை ரயில் ஏறவில்லை. எங்களையும் ஏற விடமாட்டார். ஈப்போவுக்குப் போவதென்றாலும் பஸ்தான். இதைத்தான் நான் துக்கத்தின் மிச்சம் என்பேன்.

ஜூன் 9, ஒரு மணி நேரம் கழித்து

அம்மாவிடம் மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். தோட்டத்து முக்கிலேயே பஸ் நிற்குமாம், ரயில் நிலையத்துக்கு ஆறு மைல் நடக்க வேண்டுமாம். 'உங்க பாட்டிக்கு நடக்கச் சோம்பல், அதுக்குப் போய் என்னென்னமோ எழுதுறியே.' இருபது வருஷமாக நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ரயில் கதை இத்தோடு முடிந்தது. கேள்வி கேட்டவருக்கு ஒரு புள்ளி.

ஜூன் 11

விவரம் கேட்டவர்களுக்கு. பாதையின் நீளம் 415 கிலோமீட்டர், தாய்லாந்துப் பக்கம் பான்போங் அருகே தொடங்கி பர்மாவில் தான்பியூசயாட் வரை. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் இணைத்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளிகள் இரண்டு லட்சம் பேர் அளவுக்கு இருந்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் போனார்கள் என்பது பொதுவான கணக்கு, அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். ஆசியர்களில் செத்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளின் சாவை ஏறக்குறைய ஆளுக்கு ஆள் சொல்ல முடிகிறது. நம்மவர்களுக்கு 'வரை', 'அளவுக்கு', 'மதிப்பீடு' என்றுதான் எழுத முடிகிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. கைதிகள் ராணுவத்தார். அவர்களுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்தாவது யார் எப்போது செத்தான் என்று குறித்துவைத்தார்கள். நம் ஆட்கள் பான்போங் வரை சரக்குப் பெட்டியில் போய், அங்கிருந்து மழையில் காட்டுக்குள் நடந்து, மருத்துவரும் கணக்குப்பிள்ளையும் இல்லாத முகாம்களில் விழுந்தார்கள். 1943 மே, ஜூனில் காலரா வந்தபோது எழுதிவைக்க ஒருவரும் இல்லை. அந்த ஆண்டு நடுவில் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களைச் சிறு குழுக்களாகக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் முடிந்தது முடிந்துவிட்டது.

ஜூன் 15

இதை எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், அம்மாவும் 'எழுதிக்கோ' என்றுவிட்டார்.

பாட்டியின் முதல் கணவர் செத்தார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு ஆள் சொன்னார். அதே தோட்டத்திலிருந்து அதே லாரியில் போனவர், 1946-இல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தவர். காலராவில் போய்விட்டான், நான் கண்ணால் பார்த்தேன் என்று பாட்டியிடம் சொன்னார். மறு வருஷம் அவரே பாட்டியைக் கட்டிக்கொண்டார். அவர்தான் என் தாத்தா.

இப்போது புரிகிறதா மாமா ஏன் தட்டை நகர்த்தினார் என்று?

அம்மா அவரை அப்பா என்று கூப்பிட்டார், மாமா சித்தப்பா என்று கூப்பிட்டார். ஒரே லயத்து வீட்டுக்குள் ஒரே ஆளுக்கு இரண்டு முறை. அம்மாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்ததால் அதில் விசேஷம் ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லையாம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி கேட்ட பிறகுதான் உறைத்ததாம்.

தாத்தாவை நான் பார்த்திருக்கிறேன். 1981-இல் அவர் போனபோது எனக்கு எட்டு வயது. இடது காலில் கணுக்காலுக்கு மேலே ஒரு கைப்பிடி சதை இருக்காது. தோல் மட்டும் பளபளவென்று எலும்போடு ஒட்டியிருக்கும். சயாம் புண் என்பார்கள். குழந்தைகள் நாங்கள் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்ப்போம், அவர் ஒன்றும் சொல்லமாட்டார். தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைப்பார். ஒரு தடவை கொதித்து இறக்கியதைத் திரும்ப அடுப்பில் ஏற்றிக் குமிழி வரும்வரை பக்கத்திலேயே நிற்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையில் அவர் பாட்டில்தான். மாமா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒருமுறை சொன்னது இது: 'இவ்வளவு தண்ணி காய்ச்சத் தெரிஞ்சவரு எங்கப்பாவுக்கு ஒரு வாய் காய்ச்சிக் குடுத்திருக்கலாம்ல.'

பாட்டி தாலியை அறுக்கவில்லை. கழற்றினார். மஞ்சள் கயிற்றோடு சுருட்டி ஒரு மைலோ டின்னில் போட்டு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டுகளோடு வைத்திருந்தார். பத்தாம் நாள், கருமாதி ஒன்றும் நடக்கவில்லை. பிணமும் இல்லை, தேதியும் இல்லை, எதை வைத்து நடத்துவது?

ஜூன் 16

'சினிமா மாதிரி இருக்கிறது' என்று எழுதியவருக்கு: சினிமாவாக இருந்தால் முதல் கணவர் இடைவேளைக்குப் பிறகு திரும்பி வந்திருப்பார். எங்கள் வீட்டில் அவர் வரவில்லை. வந்துவிடுவாரோ என்பது மட்டும் 1981 வரை இருந்தது. வேறு சில தோட்டங்களில் நிஜமாகவே திரும்பி வந்து, மனைவி இன்னொருவரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, லயத்துக்குள் நுழையாமலே போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஜூன் 22

2008-இல் மாமாவைக் காஞ்சனாபுரிக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. பாங்காக் வரை விமானம், அப்புறம் பஸ். அந்த ரயில் பாதையின் ஆற்றுப் பாலத்தைக் காட்டினேன். சுற்றுலாக்காரர்கள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு 'இரும்பு நல்ல இரும்பு' என்றார். வேறு பேச்சில்லை.

பிறகு போர்க் கல்லறை. ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள், எல்லாம் ஒரே உயரம், புல் வெட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பூச்செடி. போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பர், அக்டோபரிலேயே ஒரு குழு பாதை முழுக்கப் போய்க் கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் குறித்தது. பிறகு அந்த உடல்களை எடுத்துவந்து மூன்று இடங்களில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு பட்டயத்திலும் எண், பெயர், படைப்பிரிவு, தேதி, வயது, அடியில் குடும்பத்தார் சொல்லி எழுதவைத்த ஓரிரு வரி. மாமா குனிந்து வயதை மட்டும் வாசித்துக்கொண்டே போனார். எண்கள் அவருக்குப் படிக்க வரும். இருபத்திரண்டு, முப்பத்தொன்று, இருபத்துநாலு. மூன்றாவது வரிசையில் நிமிர்ந்து கேட்டார்: 'நம்மாளுங்க எந்தப் பக்கம்?'

நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இங்கே நம்மவர்கள் இல்லை மாமா என்றேன்.

வாசலை ஒட்டிய மண்டபத்தில் பெயர்ப் பலகைகள் உண்டு. நீக்கே முகாமில் 1943 மே முதல் ஜூலைக்குள் நோயில் இறந்து எரிக்கப்பட்ட சுமார் 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது, அவர்களின் பெயர்கள் அந்தப் பலகைகளில் இருக்கின்றன. இதை விளக்கிச் சொன்னேன். மாமா ஒரு பலகை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். 'எரிச்சவனுக்குக்கூடப் பேரு எழுதியிருக்கான் பாரு' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல வேலையைப் பார்த்த ஆள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு உட்கார்ந்து அழுதார்.

ஜூன் 23

திருத்தம். 'உட்கார்ந்து அழுதார்' என்று எழுதிவிட்டேன், அது சரியில்லை. உட்கார்ந்தார். முழங்கால் வலி. நான்தான் அழுதேன், அதுவும் அவர் அழுவார் என்று எதிர்பார்த்து முந்திக்கொண்டது. ஆக, நேரில் பார்க்காத ஆளுக்காகக் கண்ணீர் வருமா என்றால், வரும். அது யாருக்காக வந்தது என்பதுதான் குழப்பம்.

அன்று தவோன் வராராம் கோயிலுக்கும் போனோம். பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளிகளின் எலும்புகள் அங்கே இருக்கின்றன. எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடம். இப்போது நம் ஆட்கள் அங்கே ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன், அப்போது இல்லை. மாமா வேட்டி முனையை விரித்துக் கொஞ்சம் மண் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஏன் என்றேன். 'யாரு மண்ணுன்னு தெரியாம எப்படிடா எடுத்துட்டுப் போறது?'

ஜூலை 1

ஈழத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பேச எனக்குத் தகுதி குறைவு, அதனால்தான். ஆனால் ஒப்பிட ஒன்று இருக்கிறது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலருகே 2017 பிப்ரவரி 20-இல் போராட்டத்தில் உட்கார்ந்த, காணாமல் போனவர்களின் தாய்மார்கள், பிள்ளை எங்கே என்றுதான் கேட்டார்கள். 2016-இல் இலங்கையில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. செத்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வாங்கலாம். வங்கிக் கணக்குக்கும் காணிக்கும் உதவுமாம். வாங்க மறுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காகிதத்தில் எதை ஒத்துக்கொண்டாலும் தேடலை விட்டுவிட்டதாகத்தானே ஆகும்?

நம் மலேசியச் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவு இருக்கிறது, 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த இந்தியாவின் 1872 சட்டத்திலும் அதே எண்தான். வழக்கமாகச் சேதி வரவேண்டியவர்களுக்கு ஏழு வருஷமாகச் சேதி இல்லையென்றால், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கில் 1950. பாட்டி 1947-இலேயே கட்டிக்கொண்டார், மூன்று வருஷம் அவசரம். இதை ஒரு தடவை விளையாட்டாக மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 'அந்த மூணு வருஷம்தான்டா' என்றார்.

அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970-களில், வியட்நாமில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களைப் பார்த்து இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று சொல்லலாம். ஆள் உடலால் இல்லை, வீட்டுக்குள் மட்டும் இருக்கிறார். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்ததற்கு அது முழுசாகப் பொருந்தாது என்று நினைக்கிறேன். எங்களுக்குச் சொல்லப்பட்டது தெளிவாகவே இருந்தது. சொன்ன ஆளைத்தான் மாமாவால் நம்ப முடியவில்லை. மிச்சம் இருப்பது கதைதானே என்று கேட்டீர்களே, மூன்றாம் தலைமுறையான எங்களுக்கு வந்து சேர்ந்தது சந்தேகம். என் சித்தி பிள்ளைகளுக்கும் மாமா பிள்ளைகளுக்கும் இன்றைக்கும் பேச்சு அளவோடுதான். கேட்டால் ஒரு வீட்டுமனைத் தகராறு என்பார்கள்.

ஜூலை 6

அம்மா நேற்று ராத்திரி கூப்பிட்டார். நான் எழுதுகிறதையெல்லாம் படித்துக் காட்டிக்கொண்டே வருகிறேன், அதில் ஒரு இடத்தை மாற்றச் சொன்னார்.

1979-இல், தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் கிடந்தபோது அம்மாதான் பார்த்துக்கொண்டார். ஒருநாள் தண்ணீர் கொடுக்கும்போது தாத்தா தானாகச் சொன்னாராம். அவர் சாவைப் பார்க்கவில்லை. வாந்தியும் பேதியுமாக விழுந்தவரைத் தோளில் தூக்கிப்போய்க் காலராக் கொட்டகை வாசலில் இறக்கினார். உள்ளே போகவில்லை. 'நாளைக்கு வர்றேன்' என்றார். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. பயம். நாலாம் நாள் கொட்டகையையே கொளுத்திவிட்டார்கள்.

அம்மா கேட்டிருக்கிறார், பிறகு ஏன் அம்மாவிடம் பார்த்தேன் என்று சொன்னீர்கள்? 'பாக்கலைன்னா அவ உக்காந்துக்கிட்டே இருப்பா.'

இதை அம்மா நாற்பத்தாறு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது. மாமாவின் சந்தேகம் ஒரு வகையில் சரிதான் என்று தெரிந்தும், மாமா சாகும்வரை அம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

ஜூலை 7

தூக்கம் வரவில்லை. தாத்தா சொன்னது கருணையா, வசதியா? பாட்டியை விடுவிக்கச் சொன்ன பொய்யா, பாட்டியை அடையச் சொன்ன பொய்யா? நேற்று முழுக்க முதலாவதுதான் என்று இருந்தேன். இன்று அவர் அடுப்பு முன் நின்று குமிழிக்குக் காத்திருந்தது ஞாபகம் வருகிறது, இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் கேட்டேன். 'எனக்கு அவர் அப்பா' என்று போனை வைத்துவிட்டார்.

மாமாவிடம் 2019-க்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவேண்டாம். அம்மாவே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 19

சரி, திதி விஷயம். பாட்டி இருந்தவரை மாமாவைக் கொடுக்க விடவில்லை. ஒரு ஆடி அமாவாசைக்கு அவர் ஆற்றுக்குக் கிளம்பியதும் எள்ளுப் பொட்டலத்தைப் பிடுங்கி வீசினாராம்: 'உசுரோட இருந்தா என்னடா பண்ணுவ?' இத்தனைக்கும் இது 1960-கள், வேறு ஒருவரோடு வாழ்ந்து மூன்று பிள்ளை பெற்ற பிறகு. 1994-இல் பாட்டி போன பிறகுதான் மாமா தொடங்கினார்.

பெயரில் இன்னொரு சிக்கல். பாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டார். அந்தக் காலத்தில் யார்தான் சொன்னார்கள். மாமாவுக்குப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதற்குப் பாட்டி தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்த அடுத்த வீட்டுக்காரர் ஒரு பெயரைச் சொன்னார். அதுதான் மாமாவின் அட்டையில் ஏறியது, கல்யாணப் பத்திரிகையில் வந்தது, சாவுச் செய்தியிலும் வந்தது. இப்போது அம்மா சொல்கிறார், 1979-இல் தாத்தா தன் வாயால் சொன்ன பெயர் வேறாம். ஒன்று தோட்டத்து வருகைப் பதிவில் இருந்த பெயராக இருக்கலாம், மற்றது கூப்பிடுகிற பெயராக இருக்கலாம். தோட்டத்துப் பழைய பதிவேடுகள் எப்போதோ போய்விட்டன.

ஜூலை 22

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. மாமா மகனைக் கூப்பிட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசுகிறோம், வீட்டுமனையைப் பற்றி இருவரும் வாயெடுக்கவில்லை. நானும் வருகிறேன் என்றேன். உனக்கு என்ன முறை, நீ ஏன் வரணும் என்றான். நியாயமான கேள்வி, பதில் இல்லை. இருந்தாலும் வரச்சொன்னான். பிறகு, இரண்டு பெயர் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

'அப்போ எந்தப் பேரைச் சொல்லி எள்ளு எறைக்கிறது?'

இரண்டையும் சொல்லுவோம் என்றேன். எள் நான் வாங்கி வருகிறேன், அவன் வேட்டி கொண்டுவருகிறான்.